கரை உடைந்த பிறகு ஆறு என்ன செய்கிறது?



1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மச்சு ஆற்றின் இரண்டாம் அணை உடைந்து மோர்பி நகரம் அழிந்தது. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் இலங்கையின் கந்தளாய்க் குளத்தின் கரை உடைந்து, கீழே இருந்த குடியிருப்புகளை வெள்ளம் அடித்துச் சென்றது. இப்படி ஓர் உடைப்பு நேர்ந்தால் இறந்தவர்கள் எத்தனை பேர், இடிந்த வீடுகள் எத்தனை, கரையைக் கண்காணிக்க வேண்டியவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று விசாரிக்கிறோம். அந்தக் கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். விசாரணை முடிந்து, நிவாரணம் கொடுத்து, கரையை மறுபடி கட்டிவிட்டால் கோப்பு மூடப்படுகிறது. வெள்ளம் அறுத்துப்போட்ட ஆற்றுக்கு அடுத்த ஐந்து, பத்து, முப்பது ஆண்டுகளில் என்ன ஆயிற்று? எந்தச் செடி முதலில் வந்தது? கரை எப்போது கரையாக நின்றது? இதைப் பெரும்பாலும் யாரும் பின்தொடர்வதில்லை. பின்தொடரவும் வழியில்லை. ஏனென்றால் அங்கே புல்டோசர் வந்து எல்லாவற்றையும் சமன்செய்துவிடுகிறது.

அப்படிச் சமன்செய்யப்படாத ஓர் இடத்தைப் பற்றித்தான் இன்று அதிகம் பேசப்போகிறேன். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ராக்கி மலைத் தேசியப் பூங்கா இருக்கிறது. அதற்குள், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 11,000 அடி உயரத்தில், பனியாறு குடைந்த பள்ளம் ஒன்றில் லான் ஏரி கிடக்கிறது. இயற்கையாக அமைந்த சிறிய ஏரி அது. கீழே சமவெளியில் விவசாயம் செய்தவர்கள் 1903ஆம் ஆண்டு அதன் வாயில் மண்கரை எழுப்பி, கூடுதலாகத் தண்ணீர் தேக்கினார்கள். பூங்கா உருவானதே 1915இல்தான். ஆகவே கரை முந்தியது, பூங்கா பிந்தியது. கரையின் உயரம் 26 அடி. நம் ஊர்ப் பெரிய ஏரிகளின் கரையோடு வைத்துப் பார்த்தால் பிரமிக்க ஒன்றுமில்லை.

1982 ஜூலை 15 விடியற்காலையில் அந்தக் கரை உடைந்தது. காரணம் மிகச் சிறியது. மதகுக் குழாயும் அதன் வால்வும் சேரும் இடத்தில் ஈயம் வைத்து அடைத்திருந்தார்கள். அது நாள்பட்டுக் கெட்டுவிட்டது. அந்த இடைவெளியில் கசிந்த தண்ணீர் கரையின் உள்மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, உள்ளுக்குள்ளேயே ஒரு வழியைத் துளைத்துக்கொண்டது. மேலிருந்து பார்த்தவர்களுக்குக் கரை கரையாகவே தெரிந்திருக்கும். வெளியேறிய தண்ணீரின் அளவு சுமார் 2.9 கோடி கன அடி. ஒரு டி.எம்.சி.யில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அவ்வளவும் ஒரே மூச்சில் இறங்கியபோது உச்ச ஓட்டம் விநாடிக்கு 18,000 கன அடியாக இருந்தது என்று அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் கணக்கிட்டது. வெள்ளம் போன பாதையில், ஐந்நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடியது என்று கணக்கிடப்படும் வெள்ளத்தைப்போல இரண்டு மடங்கு முதல் முப்பது மடங்கு வரை, இடத்துக்கு இடம் மாறி ஓடியிருக்கிறது.

ஏரியிலிருந்து இறங்கும் ஓடைக்கு ரோரிங் ஆறு என்று பெயர். சுமார் ஏழு கிலோமீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 2,500 அடி இறங்கி, ஹார்ஸ்ஷூ பார்க் என்ற அகன்ற புல்வெளிப் பள்ளத்தாக்கில் ஃபால் ஆற்றோடு சேர்கிறது. அந்த மலைச்சரிவு முழுக்கப் பனியாறுகள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் குவித்துவிட்டுப் போன குவியல். பாறாங்கல், சரளை, மணல், களி எல்லாம் தரம் பிரியாமல் கலந்து கிடக்கும் இளகிய மண். வெள்ளம் அதைத்தான் தின்றது. சரிவு செங்குத்தான இடங்களில் 5 அடியிலிருந்து 50 அடி வரை தோண்டியது. சரிவு தணிந்த இடங்களில் தோண்டியதை இறக்கிவைத்தது. அடியில் கெட்டிப்பாறை இருந்த இடத்தில் ஒன்றும் செய்ய முடியாமல் கடந்துபோனது. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: அறுத்த இடம், கொட்டிய இடம், அசையாத இடம். பிற்பாடு தாவரங்கள் வந்ததும் வராததும் பெரிதும் இதைப் பொறுத்தே அமைந்தன.

பள்ளத்தாக்கின் வாய்க்கு வந்ததும் வெள்ளம் விரிந்து, வேகம் குன்றி, சுமையைப் போட்டது. அப்படி விழுந்த வண்டல் விசிறியின் பரப்பு 42 ஏக்கர். மிகத் தடித்த இடத்தில் 44 அடி. வெள்ளம் நகர்த்தியதாக அறியப்பட்ட பெரிய பாறையின் நீளம் 21 அடி, எடை ஏறக்குறைய 410 டன். விசிறி குறுக்கே விழுந்ததால் ஃபால் ஆறு அடைபட்டு, 17 ஏக்கரில் ஒரு புதிய ஏரி தேங்கியது. வெள்ளம் அதையும் தாண்டிச் சென்று, கேஸ்கேட் ஏரியின் 17 அடிக் கான்கிரீட் அணைமேல் வழிந்து அதையும் சாய்த்தது. பிறகு எஸ்டெஸ் பார்க் நகரின் கடைத்தெருவுக்குள் புகுந்தது. கடைசியில் ஒலிம்பஸ் அணையின் நீர்த்தேக்கம்தான் அதை வாங்கி அடக்கியது. மூன்று பேர் இறந்தார்கள். சேதம் 3.1 கோடி டாலர். அதிகாலையில் குப்பை அள்ள வந்த ஒரு தொழிலாளி, மலையில் கேட்ட இரைச்சலையும் மரங்கள் பறப்பதையும் கவனித்து, அவசரத் தொலைபேசியில் சொன்னார். அவர் சொல்லியிராவிட்டால் சாவு எண்ணிக்கை பெருகியிருக்கும்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இப்படி ஒரு வெள்ளத்துக்குப் பிறகு எல்லோரும் கேட்கும் கேள்வி, “எத்தனை வருஷத்தில் பழைய நிலைக்கு வரும்?” என்பது. இந்தக் கேள்விக்கு விடை கிடையாது. பழைய நிலை என்பது அந்த ஆற்றுக்கு இனி இல்லை. 42 ஏக்கர் கல்லும் மணலும் எங்கேயும் போகப்போவதில்லை. 50 அடி ஆழத்துக்கு அறுபட்ட பள்ளம் நிரம்பப்போவதுமில்லை. மீட்சி என்று நாம் எதையாவது சொல்லலாம் என்றால், ஆறு மறுபடியும் மண்ணைச் சலித்து, நுண்மண்ணை ஓரிடத்தில் படியவைத்து, அதில் ஒரு விதை வேர்விட்டு நிற்க இடம்தரும் வேலையைத் தொடங்கிவிட்டதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அந்த வேலை ஓர் இடத்தில் ஒரே பருவத்தில் தொடங்குகிறது. இன்னோர் இடத்தில் ஒரு மனித ஆயுளிலும் தொடங்குவதில்லை. இரண்டும் ஒரே வெள்ளத்தின் பாதையில், சில கிலோமீட்டர் இடைவெளியில் நிகழலாம்.

முதலில் தண்ணீர் அடங்க வேண்டும். உடைப்புக்குப் பிந்திய ஆண்டுகளில் ரோரிங் ஆற்றின் இருபுறமும் செங்குத்தாக நின்ற மண்சுவர்கள் ஒவ்வொரு பனியுருகும் காலத்திலும், ஒவ்வொரு கோடை மழையிலும் சரிந்துகொண்டே இருந்தன. அப்படிச் சரிந்த மணல், விசிறியைக் கடந்து ஃபால் ஆற்றில் இறங்கியது. புல்வெளியில் வளைந்து வளைந்து ஓடிய அமைதியான ஆறு, தாங்க முடியாத மணலைச் சுமக்க வேண்டியதாயிற்று. படுகை மேலேறியது. ஓடும் வழி பிரிந்தது, மறுபடி சேர்ந்தது. ஜான் பிட்லிக் என்ற புவிப்புறவியலாளர் இதைத் தொடர்ந்து அளந்து, 1993இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். முதலில் மிக அதிகமாக இருந்த மணல் வரத்து சில ஆண்டுகளுக்குள் பெருமளவு குறைந்து, ஃபால் ஆறு தன் நடையைத் திரும்பப் பெற்றது. இவ்வளவு விரைவில் நடந்ததற்குக் காரணம் உண்டு. தண்ணீர் தன்னால் தூக்க முடிந்த நுண்மணலையெல்லாம் முதலில் தூக்கிச் சென்றுவிடுகிறது. தூக்க முடியாத கற்கள் படுகையின் மேல் ஒரு தளம் பாவியதுபோல மிஞ்சுகின்றன. அந்தக் கல்தளம் அடியில் உள்ள மணலைக் காக்கிறது. அதற்குப் பிறகு சாதாரண வெள்ளங்களால் படுகையை அசைக்க முடியாது.

இப்படிப் படுகை அடங்கும்வரை செடியை நட்டுப் பயனில்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வெள்ளம் போன மறு மாதமே மரக்கன்றோடு வருகிறவர்களின் நல்லெண்ணத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எந்த மேடு நிற்கும், எந்த மேட்டை ஆறு அடுத்த ஆண்டு எடுத்துக்கொள்ளும் என்று ஆற்றுக்கே இன்னும் முடிவாகவில்லை.

அடுத்து, காலம் தாழ்ந்து சாகும் மரங்கள். வெள்ளத்தில் பிடுங்கப்பட்ட மரங்களை நாம் உடனே எண்ணிவிடுகிறோம்; பிறகு சாகிறவற்றை எண்ணுவதில்லை. விசிறியின் ஓரங்களில் பைன் மரங்கள் நின்றபடியே இருந்தன. இடுப்புவரை மணலும் சரளையும் சூழ்ந்திருந்தாலும் பச்சையாகத்தான் இருந்தன. ஆனால் மரத்தின் மூச்சு விடும் வேர்கள் மேல்மண்ணில்தான் இருக்கின்றன. அவற்றின் மேல் பல அடி மண் விழுந்தால் காற்று எட்டாது. அப்படிப் புதைந்த மரங்கள் பின்னர் மெல்லக் காய்ந்தன. காய்ந்து நின்ற தண்டுகள் மரங்கொத்திகளுக்குப் பொந்து ஆயின. கீழே விழுந்தபோது தண்ணீர் ஓட்டத்தை மறித்து, தங்கள் மறைவில் நுண்மண்ணைச் சேர்த்தன.

அந்த நுண்மண்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். விசிறியில் முதலில் வந்தவை ஆஸ்பென், வில்லோ போன்ற மரங்கள். இதில் ஆஸ்பென் வந்தது தாவரவியலாளர்களுக்கே வியப்பு. ராக்கி மலைப்பகுதியில் ஆஸ்பென் விதையிலிருந்து முளைப்பது அபூர்வம். அங்கே ஒரு ஆஸ்பென் தோப்பு என்பது பெரும்பாலும் ஒரே வேர்த்தொகுதியிலிருந்து கிளைத்த பல தண்டுகள்தான். அதன் விதை மிக நுண்ணியது. பஞ்சோடு பறக்கும், உயிர்ப்பு சில வாரங்களே இருக்கும். விழும் இடம் வெறும் மண்ணாக, புல் போட்டியில்லாமல், வாரக்கணக்கில் ஈரம் காயாமல் இருந்தால்தான் நாற்று பிழைக்கும். வறண்ட மலையில் அப்படிப்பட்ட இடம் எளிதில் அமைவதில்லை. 1988இல் யெல்லோஸ்டோன் காடு எரிந்தபோது அமைந்தது. இங்கே உடைந்த கரை அதை அமைத்துத் தந்தது. வேரிலிருந்து கிளைத்த தோப்பில் எல்லாத் தண்டுக்கும் ஒரே மரபுக்கூறு. விதையிலிருந்து வந்த நாற்றுகளில் ஒவ்வொன்றும் வேறு. வறட்சியையும் நோயையும் தாங்கும் திறனில் அவை வேறுபடும். மூன்று உயிரையும் ஒரு கடைத்தெருவையும் கொண்டுபோன வெள்ளத்துக்கு இதை நான் ஈடாகச் சொல்லவில்லை. நடந்தது இது.

ஆற்றங்கரை மரங்களின் நாற்று பிழைப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கனடாவின் ஜான் மஹோனி, ஸ்டூவர்ட் ரூட் இருவரும் 1998இல் அதைத் தெளிவாக எழுதிவைத்தார்கள். காட்டன்வுட் என்னும் ஆற்றோரப் பாப்லர் மரத்தின் பஞ்சுவிதை கோடைத் தொடக்கத்தில் பறக்கும். அந்த நேரத்தில் ஆறு வடிந்துகொண்டிருக்க வேண்டும். வடியும் தண்ணீர் விட்டுச்செல்லும் ஈரவிளிம்பில் விதை விழ வேண்டும். அதற்குப் பிறகு நிலத்தடி ஈரம் நாளொன்றுக்கு சுமார் இரண்டரை சென்டிமீட்டருக்குமேல் இறங்கக் கூடாது. அதைவிட வேகமாக இறங்கினால் நாற்றின் வேர் அதைத் துரத்திப் பிடிக்க முடியாமல் காய்ந்துவிடும். மிகத் தாழ்வான இடத்தில் முளைத்தால் அடுத்த வெள்ளம் பிடுங்கும். மிக மேட்டில் முளைத்தால் ஈரம் எட்டாது. இடையில் ஒரு குறுகிய பட்டையில் மட்டும் வாழ்வு. ஆற்றங்கரைகளில் ஒரே வயது மரங்கள் வரிசையாக நிற்பதற்கு இதுவே காரணம். அவ்வரிசையைப் பார்த்து, தண்ணீர் எந்த ஆண்டு எந்த மட்டத்தில் மெதுவாக வடிந்தது என்று சொல்லிவிடலாம்.

காலம் எப்படிப் பொருந்துகிறது என்பதற்கு மிகப் பெரிய சான்று உக்ரைனிலிருந்து வந்தது. 2023 ஜூன் 6 அன்று போரில் ககோவ்கா அணை தகர்ந்தது. 2,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீர்த்தேக்கம் வடிந்து சேற்றுத்தரை வெளிப்பட்டது. கீழ்ப்பகுதியில் மக்கள் பட்ட துயரத்தைப் பற்றிப் பேச இந்த ஒரு மாலை போதாது. ஆனால் தாவரங்களின் பக்கம் பார்த்தால், வில்லோவும் பாப்லரும் விதை பறக்கவிடும் பருவம் அது. ஈரச் சேறு விரிந்து கிடந்தது, போட்டிக்கு ஒரு புல்லும் இல்லை. ஓராண்டுக்குள் ஆளுயரத்தைத் தாண்டி வில்லோக் காடு எழுந்தது. இரண்டு மாதம் தள்ளி உடைந்திருந்தால் முதல் பருவத்தில் அந்தக் காடு வந்திருக்காது. ஆனாலும் அந்தச் சேற்றில் பல்லாண்டுத் தொழிற்சாலைக் கழிவின் கனஉலோகங்கள் படிந்திருக்கின்றன. பசுமையைப் பார்த்து நிலம் நலமானது என்று யாராவது சொன்னால், மண்ணைச் சோதித்தீர்களா என்று கேட்க வேண்டும்.

லான் ஏரிக்குத் திரும்புகிறேன். விசிறியில் மரம் எழுந்தது. மேலே, ரோரிங் ஆற்றின் அறுபட்ட சுவர்களில் எழவில்லை. நாற்று ஒன்று பிடிப்பதற்குள் மண் மறுபடி சரிகிறது, வேரோடு கீழே விழுகிறது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் அந்தச் சரிவுகள் புண்ணாகவே கிடக்கின்றன. அதற்கும் மேலே, ஏரியின் கரையில், இன்னொரு தழும்பு. 79 ஆண்டுகள் தண்ணீருக்கடியில் இருந்து வெளிப்பட்ட வளையம். மேல்மண்ணை அலை கழுவிவிட்டது. 11,000 அடி உயரத்தில் செடி வளரக் கிடைப்பது வருஷத்தில் சில வாரங்களே. அங்கே வெள்ளம் அடிக்கவே இல்லை. தண்ணீர் வெறுமனே வடிந்து போயிற்று. இருந்தும், 44 அடிக் கல்மணல் குவிந்த விசிறியைவிட அந்த வளையம் மிக மெதுவாக மாறுகிறது. அழிவு எவ்வளவு பெரிது என்பதைக் கொண்டு மீட்சி எவ்வளவு நாளாகும் என்று கணிக்க முடியாது. உயரம், ஈரம், விதை வரும் தூரம், மண் அசையாமல் இருக்கும் காலம் ஆகியவைதான் அதைத் தீர்மானிக்கின்றன.

மேய்ச்சலும் ஒரு காரணம். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஹார்ஸ்ஷூ பார்க் எல்க் மான்களின் குளிர்கால மேய்ச்சல் வெளி. ஓநாய்கள் நெடுங்காலத்துக்கு முன்பே கொன்றொழிக்கப்பட்டதால் மான்கள் பெருகின. இளம் வில்லோவும் ஆஸ்பெனும் அவற்றுக்குப் பிடித்த உணவு. தளிர்விட்ட நாற்றுகளில் பல முழங்கால் உயரத்தைத் தாண்டவே முடியாமல் ஆண்டுக்கணக்கில் குட்டையாக நிற்கும். வில்லோ குறைந்ததால் பீவர்களும் குறைந்தன. பீவர் கட்டும் சிற்றணைகள் இருந்தவரை புல்வெளியில் நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்திருந்தது. அவை போனதும் அது தாழ்ந்தது. தாழ்ந்ததால் வில்லோ மேலும் நலிந்தது. வெள்ளத்துக்கு முன்பே நலிந்துகொண்டிருந்த சங்கிலி இது. பூங்கா நிர்வாகம் மான்களைக் கட்டுப்படுத்தவும், ஆஸ்பென், வில்லோத் திட்டுகளைச் சுற்றி வேலி போடவும் ஒரு திட்டத்தை ஏற்றுக்கொண்டது, வெள்ளத்துக்குக் கால் நூற்றாண்டுக்குப் பிறகுதான். வேலிக்குள் வில்லோ உயர்ந்தது. விதை எப்போதும் இருந்தது. தின்னும் வாய்தான் அதிகமாக இருந்திருக்கிறது.

அணைகளின் உடைப்பு எல்லாமே தண்ணீரையும் ஆற்று மண்ணையும் மட்டும் கொண்டுவருவதில்லை. 2015 நவம்பர் 5 அன்று பிரேசிலின் மரியானா அருகே ஃபுண்டாவோ அணை உடைந்தது. அது இரும்புச் சுரங்கத்தின் கழிவுச்சேற்றைத் தேக்கிய அணை. 19 பேர் இறந்தார்கள். சேறு டோசி ஆற்றில் இறங்கி 600 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து அட்லாண்டிக் கடலில் சேர்ந்தது. கரையில் படிந்த அந்தக் கழிவு மாவுபோல் நுண்ணியது, காய்ந்தால் இறுகிக்கொள்ளும். அதில் மக்கு இல்லை, நுண்ணுயிர் குறைவு, வேருக்குக் காற்று போகாது. ஆற்று வண்டல் என்பது இலையும் சுள்ளியும் விதையும் கலந்து வருவது. அரைத்த பாறைத்தூளில் அவை இல்லை. அங்கே கை வைக்காமல் காத்திருப்பது நியாயமாகாது. மண்ணை உண்டாக்கவே மனிதன் உதவ வேண்டியிருக்கிறது.

ஆகவே ஆற்றை அதன் போக்கில் விட்டுவிடுங்கள் என்று எல்லா இடத்துக்கும் பொதுவாக நான் சொல்லவில்லை. வாஷிங்டன் மாநிலத்தின் எல்வா ஆற்றில் 2011 முதல் 2014 வரை இரண்டு பழைய அணைகளைத் திட்டமிட்டு அகற்றினார்கள். லோவர் எல்வா கிளாலம் பழங்குடியினர் பல பத்தாண்டுகளாக இதைக் கேட்டுவந்தவர்கள். நீர்த்தேக்கங்களின் அடியில் தேங்கியிருந்தது சுமார் இரண்டு கோடி கன மீட்டர் மண். அதில் நுண்சேறு படிந்த ஓரங்களில் காட்டு மரங்களிலிருந்து பறந்து வந்த விதைகளே போதுமாக இருந்தன. மேட்டில் சரளையும் கல்லுமாகக் கிடந்த திட்டுகளில் ஒன்றும் வரவில்லை. அங்கே பெரிய மரக்கட்டைகளைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். கட்டையின் நிழலில் ஈரம் தங்கியது, காற்றில் வந்த விதையும் தங்கியது. ஆற்றங்கரை லூபின் என்ற அவரைக் குடும்பச் செடியை விதைத்தார்கள். அது வேரில் தழைச்சத்தைச் சேர்த்து மண்ணை உண்டாக்கியது. எங்கே தொடக்கூடாது, எங்கே தொட வேண்டும் என்று பார்த்துச் செய்த வேலை அது. நம் பொறியாளர்களும் வனத்துறையினரும் இந்த ஒன்றையாவது படித்துப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றில் கிடக்கும் மரங்களைக் குப்பை என்று ஏலம் விட்டு அகற்றுகிறோம். பாலத்தில் சிக்கியவற்றை அகற்றத்தான் வேண்டும். திட்டில் கிடப்பவற்றை ஏன் அகற்ற வேண்டும்?

ராக்கி மலைப் பூங்காவில் லான் ஏரியின் கரையை மறுபடி கட்டவில்லை. அதோடு நிற்காமல், பூங்காவுக்குள் எஞ்சியிருந்த புளூபேர்ட், பியர், சேண்ட்பீச் ஏரிகளின் பழைய கரைகளையும் 1980களின் இறுதியில் அகற்றத் தொடங்கினார்கள். ஒரு கரை தானாக உடைந்தபோது கற்றதை மற்றவற்றில் உடையும் முன்பே பயன்படுத்தினார்கள்.

விசிறியில் முப்பது ஆண்டுகள் மரம் வளர்ந்தது. 2013 செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் கொலராடோவில் நாள்கணக்கில் பெருமழை கொட்டியது. இம்முறை லான் ஏரியில் உடைய அணை எதுவும் இல்லை. ஆனால் 1982இல் அறுபட்டு ஆறாமல் கிடந்த சரிவுகள் இருந்தன. ரோரிங் ஆறு அந்த இளகிய மண்ணையும் கல்லையும் மறுபடி இறக்கியது. விசிறியின் மேல் புது வழி வெட்டி, நடைபாலங்களைப் பெயர்த்து, சாலையைப் புதைத்தது. முப்பது வயது ஆஸ்பென்களில் சில பிடுங்கப்பட்டன, சில சரளையில் புதைந்தன. வழி மாறிய ஓட்டத்தின் இருபுறமும் ஈரமான வெறும் மணல் திட்டுகள் மிஞ்சின. பிடுங்கப்பட்ட மரங்கள் அவற்றின்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. பூங்காவினர் சாலையையும் நடைபாலங்களையும் சரிசெய்தார்கள். திட்டுகளில் கிடந்த கட்டைகளுக்குப் பின்னால் மணல் சேர்ந்தது. மேலே ரோரிங் ஆற்றின் சுவர்கள் இன்னும் சரிந்துகொண்டிருக்கின்றன. அங்கே மண் தீரும்வரை விசிறிக்கு இனியும் சுமை வரும், ஒவ்வொரு முறையும் சில மரங்கள் போகும், வேறு சில முளைக்கும்.